மூன்றாவது சிலிண்டர்

இடைவெளி காலியாக இல்லை. ரஹீமாவுக்கு முதலில் தவறாகப் பட்டது அது ஒன்றுதான்.

புதன்கிழமை காலை. சமையலறைச் சன்னலின் மரச்சட்டங்களுக்குப் பின்னால், விரலில் ஒரு கயிற்று நுனியைச் சுற்றிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். சன்னலுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகை, அவள் கணவன் ஷம்சுதீனின் பட்டறை. கொட்டகைக்குள் ஒரு கறுப்பு ஜெர்மன் டீசல் கார் பானட்டைத் திறந்து வைத்தபடி நடுங்கிக்கொண்டிருந்தது. செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியிலிருந்து டிரைவர் பிச்சை கொண்டுவந்து விட்டுப்போன டாக்சி. அது கக்கிய வெளுத்த புகை சட்டங்கள் வழியே நுழைந்து, அடுப்பில் கொதித்த மீன்குழம்பின் வாசனையோடு கலந்து, குழம்பையும் புகையையும் பிரிக்க முடியாதபடி அவள் தொண்டையில் ஒட்டியது.

கயிறு சன்னல் சட்டத்தைத் தாண்டி, கொட்டகை உத்திரத்தின் மேலேறி, ஷம்சுதீன் குனிந்து வேலை செய்யும் இடத்துக்கு நேர் எதிரே இறங்கும். அதன் முனையில் ஓர் அழுக்குத் துணி. கை துடைக்கத் தொங்கவிட்ட துணி என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஷம்சுதீனுக்குக் காது கேட்காது. ஜப்பான்காரன் வந்தபோது அவன் வேலை பார்த்த லாரி டிப்போவில் விழுந்த குண்டு ஒரு காதை அன்றைக்கே எடுத்துக்கொண்டது; மற்றது மெல்ல மெல்லப் போனது. உதடுகளைப் பார்த்துப் பதில் சொல்வதில் அவன் கெட்டிக்காரன். இன்ஜினுக்கு உதடு இல்லையே. அதனால் இன்ஜின்களை ரஹீமா கேட்டாள். அவன் ஸ்பானரால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் பைப்பின் நட்டைத் தளர்த்துவான். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறுகிறதோ அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. அவள் கயிற்றை இழுப்பாள், துணி ஆடும். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்தது, துணி ஆடாது. முஸ்லிம் வீட்டுப் பெண் சன்னலுக்குப் பின்னால் நிற்பதை யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. ஒன்பது வருடமாக மலாக்கா டவுனில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் காது கேட்காத மெக்கானிக்கிடம் எவன் கார் விடுவான்?

ஒன்றாவது நட்டு. சத்தம் சரிந்தது. இழுத்தாள். இரண்டாவது. இழுத்தாள். மூன்றாவது நட்டைத் தளர்த்தியதும் டீசல் தூறலாகச் சிதறி அவன் புறங்கையில் வழிந்தது. சத்தம் மாறவில்லை.

ஒரு சிலிண்டர் செத்த இன்ஜின் நொண்டும். மூன்று அடி விழும். நாலாவது விழ வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. மற்றவர்களுக்கு அது வெறும் நடுக்கம். ரஹீமாவின் பழகிய காதுக்கு மட்டும் ஒவ்வோர் அடியும் ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணிபோலத் தனித்தனியாக நகர்ந்து விழும். டக், டக், டக், பிறகு வெறுமை.

ஆனால் இதில் வெறுமை இல்லை. டக், டக், டக், பிறகு மிக மெல்லிய ஓர் உறிஞ்சல். பேசத் தொடங்கும் முன் ஒருவர் மூச்சை உள்ளே இழுப்பாரே, அப்படி.

அவள் விரல் கயிற்றில் அசையாமல் நின்றது. துணி ஆடவில்லை. ஷம்சுதீன் தலையை ஆட்டிக்கொண்டு மூன்றாவது சிலிண்டரின் மேல் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டான். கோடு சரிதான். மூன்றாவதுதான். அவள் பொய் எதுவும் சொல்லவில்லை.

அன்று பகல் முழுக்க அதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மழை. நகரம் மெர்டேக்கா விடுதலை நாளுக்காகக் கொடி கட்டிக்கொண்டிருந்தது. ஈரக்கொடிகள் கம்பங்களில் ஒட்டிக் கிடப்பதை வாசல் திரையை விலக்கியபோது பார்த்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேரை ஏற்றிக்கொண்டு பிச்சை கோலாலம்பூர் போகவேண்டும். நடுராத்திரியில் வெள்ளைக்காரன் கொடி இறங்குவதையும் புதுக்கொடி ஏறுவதையும் பார்க்கப் போகிறார்களாம். கார் தயாராக இருக்கும் என்று ஷம்சுதீன் வாக்குக் கொடுத்திருந்தான்.

டீசலைப் பீய்ச்சும் மூன்றாவது நாசலை அவன் கழற்றி ஒன்றாவதில் போட்டான், ஒன்றாவதை மூன்றில். கெட்டது நாசல் என்றால் கோளாறு அதோடு ஒன்றாவதற்கு இடம் மாற வேண்டும். மாறவில்லை. கையால் இன்ஜினைச் சுற்றிப் பார்த்தான். காற்று நன்றாக அமுங்கியது. பம்ப்பைப் பார்த்தான். பைப்பை ஊதிப் பார்த்தான், உள்ளே அடைப்பு இல்லை. ஒவ்வொரு தடவை இன்ஜினைக் கிளப்பியபோதும் ரஹீமா சன்னலுக்கு வந்து நின்றாள். ஒவ்வொரு தடவையும் துணி மூன்றாவதில் ஆடாமல் தொங்கியது. மூச்சு மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீண்டது.

"என்ன புள்ள, மொகம் வெளுத்துக் கெடக்கு?" சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டான். தன் குரலின் அளவு தெரியாததால் அவன் எப்போதும் தணித்தே பேசுவான்.

"பொகை," என்றாள், அவனுக்குத் தெரியும்படி உதட்டை அசைத்து.

"பொகையா? ஒம்பது வருசமா தின்ன பொகை இன்னிக்குத்தான் ஒத்துக்கலையாக்கும்." சிரித்தான். "அந்தக் கார் ரொம்ப சூசா குடுக்குது, பெரிய தொல்ல. எல்லாம் சரியா இருக்கு. சரியா இருக்கற சிலிண்டரு எப்படி சாவும், சொல்லு."

சொல்லலாம். வாய்வரை வந்தது. 'அதுக்குள்ள யாரோ மூச்சு வாங்குறாங்க.' சொன்னால் அவன் சிரிக்கமாட்டான், அதுதான் பயம். அவளை ஒரு கணம் பார்ப்பான். அந்தப் பார்வையில், ஒன்பது வருடமாக ஆடிய துணி ஒவ்வொன்றும், ஆடாத துணி ஒவ்வொன்றும் சந்தேகமாகிவிடும். அவனுடைய காது அவள்தான். தன் காதே இல்லாததையெல்லாம் கேட்கிறது என்று தெரிந்த மனிதன் அப்புறம் எதை நம்பி ஸ்பானரைத் தூக்குவான்? அவனிடமிருந்து ஒரு தடவை எடுக்கப்பட்டதை இரண்டாம் தடவை தானே எடுப்பதா?

"நல்லாத் தின்னுங்க," என்று இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

பாத்திரம் கழுவும்போது குர்ஆனின் குல்ஹுவல்லாஹு ஓதினாள். நாலே வரி. நினைவு தெரிந்த நாளிலிருந்து ஓதுவது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது வரி வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றோடு நின்றது. வாய் திறந்திருந்தது, அந்த இடத்தில் அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். குழாயை இறுக மூடினாள். தண்ணீர் சொட்டியது. மூன்று சொட்டு. நிறுத்தம். மூன்று சொட்டு.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கொட்டகையின் தகரக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டான். சமையலறைப் பக்கம் வந்து அவளைக் கைகாட்டி அழைத்தான்.

"நீ உள்ள வா. பக்கத்துலேருந்து கேக்கணும்."

அவள் கொட்டகைக்குள் வருவது அபூர்வம். தகரக்கூரையில் மழை பொடியாக விழுந்துகொண்டிருந்தது. இடுக்குகளில் வந்த வெளிச்சம் புகையில் கம்பிகளாக நின்றது. ஈரச் சிமெண்டு, டீசல், சூடான ரப்பர், அதற்கடியில் மங்கலாக வேறொன்று, பழைய மாலைபோல, வாடிய செண்டுப்பூ போல. டாக்சியில் பிச்சை பூ கட்டியிருக்கலாம். காரின் கண்ணாடியைப் பார்த்தாள். பூ எதுவும் இல்லை.

ஷம்சுதீன் முழ நீளத் திருப்புளி ஒன்றை எடுத்தான். அதன் முனையை மூன்றாவது சிலிண்டர் மேல் வைத்து, மரப்பிடியை அவள் காதருகே கொண்டுவந்தான். "பிடிய காதுல அமுத்து. உள்ள என்ன நடக்குதுன்னு அப்படியே வரும். பயப்படாத."

அமுத்தினாள்.

கொட்டகை அடங்கியது. மழை அடங்கியது. இன்ஜினின் இரைச்சல் முழுவதும் எங்கோ தொலைவில் போய், அடிகள் மெதுவாயின. அத்தனை வேகமாகச் சுழலும் ஒன்று அத்தனை மெதுவாகக் கேட்க முடியாது. கேட்டது. டக். டக். டக். பிறகு அந்த மூச்சு, ஈரமான மூச்சு, நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரியும் சிறு ஒலியோடு. வரிசையில் நின்று தன் முறைக்காகக் காத்திருக்கும் ஒருவர், முறை வந்ததும் பேச வாய் திறந்து, அதற்குள் அடுத்த அடி விழுந்துவிட மறுபடி வாயை மூடிக்கொள்வதுபோல.

டக். டக். டக்.

அது அவளைக் கேட்டது. அவள் கேட்டுக்கொண்டிருப்பதை அது கேட்டது. அடுத்த இடைவெளியில் மூச்சு வரவில்லை. காதோடு காதாக, மரப்பிடிக்கு அந்தப் பக்கம், யாரோ அசையாமல் இருந்தார்கள்.

காதை இழுத்துக்கொண்டாள். பிடியில் அவள் வியர்வை பதிந்திருந்தது.

ஷம்சுதீன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன கேக்குது?"

இப்போது சொல்லிவிடு. கதவைத் திற. காரை வெளியே தள்ளு. பிச்சை கூட்டிப்போகட்டும், என்னவேனும் சொல்லிக்கொள்ளட்டும்.

அவன் கண்களில் கொஞ்சமும் சந்தேகமில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றாள். "ஒண்ணுமே கேக்கல."

அவன் புருவம் சுருங்கியது. அந்தச் சொல் வெளியே வந்த பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. செத்த சிலிண்டர் ஊமை இல்லை. பிஸ்டன் ஏறி இறங்கும், வால்வு தட்டும், காற்று அமுங்கும். ஒன்றுமே கேட்கவில்லை என்று எந்த இன்ஜினையும் பற்றிச் சொல்ல முடியாது. ஒன்பது வருடத்தில் இன்ஜின் விஷயத்தில் அவனுக்கு அவள் சொன்ன முதல் பொய். அதையும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"ஒண்ணுமே இல்லாம இருக்காது, புள்ள," என்றான் மெல்ல. கோபமில்லை. "சரி வுடு. நீ களைச்சிப் போயிட்டே. ரெண்டு நாளா நின்னுக்கிட்டே இருக்கே." திருப்புளியை அவள் கையிலிருந்து வாங்கினான். "டிப்போவுல ஒரு சீனன் இருந்தான். காதால கேக்காதத பல்லு கேக்கும்பான். எலும்பு வழியா போவுமாம்."

"வேணாங்க."

அவன் ஏற்கெனவே குனிந்துவிட்டான். உதடு தெரியாவிட்டால் அவனுக்கு அவள் இல்லை.

"வேணாம்! என்னங்க! வேணாம்!"

மரப்பிடியைப் பல்லால் கடித்தான். முனை மூன்றாவது சிலிண்டரில் இருந்தது. அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கல்லைப்போல நின்றான். அவன் முதுகு அவள் விரல்களுக்கடியில் ஒரு தரம் சிலிர்த்தது. கழுத்து மெல்லச் சாய்ந்தது, யாரோ காதருகே வந்து ரகசியம் சொல்ல இடம் கொடுப்பதுபோல.

"கேக்குது," என்றான், பிடியைக் கடித்தபடி. இத்தனை வருடம் கழித்து. கண்ணில் நீர் நிரம்பியது. "ரஹீமா. கேக்குது."

இன்ஜின் சீரானது.

நொண்டல் இல்லை, நடுக்கம் இல்லை. நாலு அடியும் வரிசையாக, எண்ணெய் தடவியதுபோல, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடின. புகை நின்றுவிட்டது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு தேடினாள். இடைவெளி எங்கும் இல்லை.

ஷம்சுதீன் நிமிர்ந்து வாயைத் துடைத்தான். பிடியில் அவன் பல் பதிந்த தடம். தொட்டியடிக்குப் போய்க் கை கழுவினான், அவளுக்கு முதுகைக் காட்டியபடி. அவள் கதவோரம் நின்றுகொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, உதட்டளவில் ஓதினாள். தனக்கே கேட்காத அளவுக்கு. ஒன்று. இரண்டு. மூன்று.

"நாலாவது வரிய வுட்டுட்டியே, புள்ள," என்றான் அவன், திரும்பாமலே.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை.

மாலைத் தொழுகைக்கான அசர் பாங்கு முடிந்த கொஞ்ச நேரத்தில் பிச்சை வந்தான். மடித்த சாரோங்கும் வெள்ளைச் சட்டையுமாக, கோலாலம்பூருக்கு இப்போதே புறப்பட்டவன் கோலம். "சுடா, அபாங் சம்சு?" என்று வாசலிலிருந்தே மலாயில் கூவினான், முடிந்துவிட்டதா அண்ணே என்று. செட்டிகளுக்கு வீட்டுப் பேச்சே மலாய்தான். ரஹீமா மறுபடி சன்னலுக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் விரல் பழக்கத்தில் கயிற்றைத் தேடிச் சுற்றிக்கொண்டது.

பிச்சை இன்ஜினைக் கேட்டான். முகம் மலர்ந்தது. "ஆஹா. என் அண்ணன் ஏகாம்பரம் ஓட்டினபோது இப்படித்தான் இருக்கும். அவன் போன அன்னிக்குத்தான் இது நொண்ட ஆரம்பிச்சது, தெரியுமா அபாங்? கதையைக் கேளுங்க." பானட்டில் கைவைத்துச் சாய்ந்துகொண்டான். "அன்னிக்கு ராத்திரி தம்பின் சாலை ஓரத்தில் கார் நின்னுக்கிட்டிருந்தது. அவன் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி உட்கார்ந்திருந்தான், இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு. நான்தான் கையை நீட்டி நிறுத்தினேன். டாக்டர் சொல்றார், மத்தியானமே செத்துட்டானாம். நான் சொன்னேன், துவான், அவன் நாலு மணிக்கு சிரம்பானில் ஆள் ஏத்தியிருக்கான், அஞ்சரைக்கு மலாக்காவில் இறக்கியிருக்கான், ஒரு அம்மாவுக்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்திருக்கான்! மத்தியானம் செத்தவன் பெட்டி தூக்குவானா?" பிச்சை தொடையைத் தட்டிச் சிரித்தான். "டாக்டருக்கு என்ன தெரியும். ஒன்னும் தெரியாது."

ஷம்சுதீனும் சிரித்தான். பிச்சை பேசும்போது அவன் பிச்சையின் உதட்டைப் பார்க்கவில்லை. பானட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரஹீமா கயிற்றை இழுத்தாள். துணி ஆடியது. மறுபடி இழுத்தாள், மறுபடி, துணி அவன் கண்ணெதிரே பைத்தியம்போல ஆடியது. விடாதீங்க. அந்தக் காரை விடாதீங்க. எதற்கென்று அவளுக்கே தெளிவில்லை. ஆடினால் வேலை செய்கிறது, ஆடாவிட்டால் செத்தது: அந்தக் கயிற்றுக்கு இரண்டே சொல்தான் தெரியும்.

ஷம்சுதீன் கையை நீட்டித் துணியைப் பிடித்து நிறுத்தினான். சன்னலை நோக்கிப் புன்னகைத்தான்.

கார் பின்னால் நகர்ந்து சந்துக்குள் திரும்பியது.

அவன் வீட்டுக்குள் வந்தான். அவள் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் செய்ததில்லை. காதை அவன் நெஞ்சில் அழுத்தினாள். டீசல் நாறும் சட்டை. அதற்கடியில் அவன் உடம்பின் சூடு. அதற்கடியில், அல்ஹம்துலில்லாஹ், அடித்துக்கொண்டிருந்தது.

அடித்துக்கொண்டிருந்தது. மிகச் சீராக. மிக வேகமாக. நாலு நாலாக.

வெளியே கார் சந்தைக் கடந்து காஜா பெராங் சாலையில் ஏறும் சத்தம் கேட்டது. நெஞ்சின் அடி சற்றுத் தாழ்ந்தது. கோயில் திருப்பத்தில் கார் வேகம் குறைத்தது. அவள் காதுக்கடியிலும் குறைந்தது. மறுபடி ஏறியது. வெளியேயும். உள்ளேயும்.

"என்னங்க," என்றாள். "அந்தக் காரக் கூப்பிடுங்க. ஓடுங்க. திரும்பி வரச் சொல்லுங்க."

"ஏன் அழுவுறே?"

கார் தூரம் போனது. மழைக்குள், கொடிகளுக்குள், வடக்கே. நெஞ்சுக்குள் இருந்த அடி மெலிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்போல. அடுத்த தெருபோல. அவள் காதை இன்னும் இறுக்கி அழுத்தினாள். எலும்பு வலித்தது. எங்கோ ஒரு பாலத்தின் மேல் போவதுபோல் ஒரு தரம் அதிர்ந்தது. பிறகு மிக மெல்ல. பிறகு, கேட்கிறோமா நினைக்கிறோமா என்று தெரியாத அளவுக்கு.

பிறகு இல்லை.

சட்டை இருந்தது. சூடு இருந்தது. அவன் விழாமல் நின்றுகொண்டிருந்தான். அவன் கை அவள் தலையை வருடிக்கொடுத்தது. ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம்.

நின்றது.

அந்த இடத்தில், அவள் காதுக்கு நேர் கீழே, அந்த அமைதியான நெஞ்சுக்குள், யாரோ பேசுவதற்காக நிதானமாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். இந்தத் தடவை குறுக்கே எந்த அடியும் விழவில்லை.